துணி மூடிய முறம்

“…விளக்கு வெக்கிற நேரத்துல, அதுவும் புருசன் ஊர்ல இல்லாத பொம்பள முறத்துல, வெறுந்தோல எவ போடுவா? நீயே சொல்லு டீச்சரு.”

இப்படிக் கேட்டவள் மல்லாட்டை மண்டிக்கு ஆள் கூட்டி வந்து வேலை வாங்குகிற மேஸ்திரி அக்கா. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை. மண்டிக் கொட்டகைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். மார்போடு அணைத்தபடி சிலேட்டு அடுக்கு. அவளுடையது மட்டுமில்லை, என்னிடம் படிக்க வந்த அத்தனை பெண்களுடையதும். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

எண்பதுகளில் செஞ்சியில் இருந்தேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். லோடு கிடைத்து வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பிள்ளை இல்லை. கோட்டைக்குப் போகிற ரோட்டை ஒட்டி ஓர் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் மலை, கடைத்தெருவுக்குப் போனாலும் மலை. குழாயடியில் ஒரு பெண் சொன்னாள்: “இந்த மல எங்க போனாலும் நம்மளையே பாக்குது. ஒரு நாளாவது இன்னா ஏதுன்னு கேக்குதா பாரு.” நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். குடத்தை இறக்கி வைத்த பிறகு போய் ஜன்னலைச் சாத்தினேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். வீட்டுக்காரர் ஊர் ஊராக வாங்கி வந்த பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி மிச்சத்தை நானே கற்றுக்கொண்டேன். அதை நம்பி முதியோர் கல்வி மையத்துக்கு என்னை டீச்சர் ஆக்கினார்கள். மண்டிக்கார பாய் சாயங்காலத்துக்குக் கொட்டகையைக் கொடுத்தார். பகலெல்லாம் விதைக்கு மல்லாட்டை உடைத்த பெண்கள், பொழுது சாய்ந்ததும் தோலைப் பெருக்கி ஒதுக்கிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே சிலேட்டை எடுத்துக்கொள்வார்கள். காலையிலிருந்து நான் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவது அந்த நேரத்தில்தான். அவர்கள் எழுத்துக்காக வந்தார்கள், நான் பேச்சுக்காக வந்தேன். ஆள் குறைந்தால் மையத்தை மூடிவிடுவோம் என்று மேலே இருந்து சொல்லியிருந்தார்கள். மூடினால் எனக்கு அந்த ஜன்னல்தான்.

பாடம் முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்பேன். எல்லாத் தலையும் ஆடும். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. மண்டியில் கூலி சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவார்கள். பின்வரிசையில் ஒருத்தி ஆட்டியபடியே தூங்கிப்போவாள்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு நாள் எழுதச் சொல்லி, தப்பாக எழுதியவர்களின் சிலேட்டில் சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் போட்டார்கள். ஒருத்தி சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வூட்ல ஏச்சு, மண்டியில ஏச்சு, இங்க சிலேட்டுலயும் ஏச்சா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். மறுநாள் வரவில்லை. குறி வாங்கிய மற்றவர்களும் வரவில்லை. மேஸ்திரி அக்காதான் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தாள்.

அதற்குப் பிறகுதான் முறம் யோசனை வந்தது. யாருக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டாம், எத்தனை பேருக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் போதும். என் வீட்டு முறத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டேன். கொட்டகையில் மல்லாட்டைக்கும் பஞ்சமில்லை, தோலுக்கும் பஞ்சமில்லை. வீட்டுக்குப் போகும்போது துணிக்குள் கையை விட்டு, புரிந்திருந்தால் முழு மல்லாட்டை, புரியாவிட்டால் வெறும் தோல் போட்டுவிட்டுப் போங்கள் என்றேன். ஏச்சும் இல்லை, பேச்சும் இல்லை. எல்லாத் தலையும் ஆடின.

முதல் நாள் துணியை எடுத்தேன். ஒரு தோல்கூட இல்லை. அடுத்த நாளும் அப்படியே. வந்த ஆளைவிட மல்லாட்டை அதிகமாகவே இருந்தது. சிலருக்கு ரெண்டு மடங்கு புரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அதை இரும்புச் சட்டியில் வறுத்து, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டபடி ஒவ்வொன்றாகத் தின்பேன். யாரோ கூட உட்கார்ந்து தின்கிற மாதிரி இருக்கும்.

அந்தத் தெம்பில் பாடத்தை ஓட்டினேன். எழுத்திலிருந்து சொல்லுக்கு, சொல்லிலிருந்து வரிக்கு. பஸ் போர்டு, ரேஷன் கார்டு என்று எழுதிப்போட்டேன். ஆள் குறைய ஆரம்பித்தது. ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்கு மாடு கட்ட வேண்டும். சிங்கவரத்துப் பெண்கள் பஸ் போய்விடும் என்று வேலை முடிந்ததுமே கிளம்பினார்கள். முறத்தில் மட்டும் தோலே விழவில்லை. புரியாமல் போகவில்லை, என்னைப் பிடிக்காமல்தான் போகிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். கடைசியில் ஒரு சாயங்காலம், காலியான கொட்டகையில் கரும்பலகையைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தபோதுதான், மேஸ்திரி அக்கா சிலேட்டுகளோடு வந்து நின்றாள். எல்லாருக்கும் நன்றாகப் புரிந்ததே, அப்புறம் ஏன் நின்றார்கள் என்று கேட்டேன். அதற்குத்தான், வீட்டுக்கு ஆகாத வெறுந்தோலை எவ போடுவா என்று அவள் கேட்டாள்.

“அப்போ அத்தனை மல்லாட்டையும்?”

“நீ தனியா பொங்கித் தின்றன்னு, போறப்போ கைக்கு வந்தத போட்டுட்டுப் போனாங்க. பாடத்துக்கு யாரு போட்டது?”

“யாருக்குமே ஒண்ணும் புரியலையா அக்கா?”

“உன் பேச்சு புரிஞ்சுது. அது நல்லாத்தான் இருக்குது. எழுத்துதான் பாதியிலேயே வுட்டுப்போச்சு.”

உள்ளே வராமலே, முறத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“தோலத்தான போடமாட்டோம்? முழுசு போடறதுக்கு இன்னா? மாத்திக்கோ. புரிஞ்சா நாங்க உடைச்சு வாயில போட்டுக்கறோம். புரியலன்னா முழுசா உன் முறத்துல போடறோம். முறம் ரொம்பிச்சின்னா மறுநாளும் அதே பாடத்த நடத்து. சும்மா முன்னால முன்னால ஓடாத, எங்களுக்கு மூச்சு வாங்குது.”

“ஒண்ணுமே விழலன்னா?”

“அன்னைக்கி நீ பட்டினி.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதிதான் வந்தது. எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டால் அப்புறம் யார் வருவார்கள் என்று உள்ளுக்குள் ஓடியது. அந்தக் கவலைக்கு இன்னும் நாளிருக்கிறது என்று அடக்கிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“அவங்க திரும்பி வருவாங்களா அக்கா?”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மூலையில் இருந்த மூட்டையிலிருந்து ஒரு கை மல்லாட்டை அள்ளினாள். முறத்தின் மேல் கிடந்த துணியை உருவி என் பக்கம் போட்டாள். பிறகு சிலேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்தப் பெண் உட்கார்கிற இடத்தில் வைத்தாள். ஒன்றை வைத்ததும் முறத்தில் ஒரு மல்லாட்டை. அடுத்ததை வைத்ததும் இன்னொன்று. கடைசியில் அவளுடைய சிலேட்டு மட்டும் கையில் மிஞ்சியது. அதற்கும் ஒன்றைப் போட்டுவிட்டு, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, பலகைக்கு எதிரே உட்கார்ந்தாள்.