டிரில் மாஸ்டர் வீட்டுக் கண்ணாடி அலமாரி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். அதுவும் கோயிலில் பூசை முடிந்து வந்த கையோடு!

என்ன செய்வது... பெண் பார்க்கும் படலம். திருக்கோகர்ணத்தில் என் நண்பர் சூசையின் வீடு. ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர். அவர் மகள் பிலோமினாவைப் பார்க்கத் திருமயத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள் — தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான பையனும், அவன் தாயார் ஞானம்மாளும். வரனைக் கொண்டுவந்தவன் நான். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், சூசைக்குச் சோறு இறங்காத நேரம்.

இந்த மாதிரி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டே, கவனித்திருக்கிறீர்களா? கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பாசிமணிக் கிளி, உல்லன் நாய்க்குட்டி. "எல்லாம் பொண்ணோட கைவேலை" என்று யாராவது ஒருத்தர் சொல்லியாக வேண்டும். நான் சொன்னேன்.

ஆனால் இந்த அலமாரியில் கிளியும் இல்லை, நாயும் இல்லை. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கயிற்றுக் கட்டில் — கிழிந்த வாலிபால் வலையைப் பிரித்து, அந்த நூலில் பின்னியது. பழைய ஃபுட்பால் தோலில் ஒரு ஜோடி செருப்பு, சுண்டெலிக்குக்கூடப் பத்தாது! ஒடிந்த பாட்மின்டன் மட்டையை இழைத்து ஒரு மாட்டுவண்டி. ஊதினால் சக்கரம் சுற்றுகிறது, ஐயா! பள்ளிக்கூடம் குப்பையில் போட்டதை வைத்து ஓர் ஊரையே செய்திருந்தது அந்தக் கை.

அது பிலோமினாவின் கை இல்லை. சூசையின் கை. அவர் விசிலடித்தால் மைதானமே விறைத்து நிற்கும். அப்பேர்ப்பட்டவர் பொம்மை செய்கிறார் என்றால் ஊர் சிரிக்காதா? அதனால் இத்தனை வருஷமாக எல்லாம் மகள் பேரில்.

ஞானம்மாள் கட்டிலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏத்தா, இந்தப் பின்னலை எப்படி ஆரம்பிச்சே? ரெண்டு இழை போட்டுக் காட்டேன்."

சூசை வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் பிலோமினா. "எல்லாம் எங்க அப்பா செஞ்சது. எனக்கு ஊசியில நூல் கோக்கவே நாலு தடவ ஆகும்."

போச்சு! மூன்றாவது இடமும் போச்சு!

ஞானம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை இங்கே எழுத மாட்டேன். பிறகு சூசை பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்களா செஞ்சீங்க?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க..." பிடிபட்ட பையன் மாதிரி முனகினார்.

"இதைப் போயி மறைப்பாகளா? என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, எங்க ஆத்தா பக்கத்து வீட்டுப் பாசிமணி அன்னத்தை இரவல் வாங்கி வச்சு, எம் மக செஞ்சதுன்னு சொல்லிட்டாக. 'இன்னொரு அன்னம் செஞ்சு குடு'ன்னு எம் மாமியா சாகுற வரைக்கும் கேட்டாக! நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தப் புள்ளைக்கு அந்தப் பாடு இல்ல."

இதற்குள் பையன் வண்டியும் கையுமாகச் சூசைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இந்தக் கடையாணிய எதுல செஞ்சீங்க மாமா?"

மாமா! கேட்டீர்களா?

"குண்டூசிய வெட்டி வச்சேன் மாப்ளே," என்றார் சூசை. வண்டியை வாங்கி ஊதி, சக்கரம் சுற்றுவதையும் காட்டினார்.

தையல்காரர் ஆம்பிளை, நகை செய்கிற ஆசாரி ஆம்பிளை... கட்டைவிரல் அளவில் ஒரு கட்டில் செய்தால் மட்டும் மீசை உதிர்ந்துவிடுமா? இந்த வெட்கத்தை நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ!

தை மாதம் கல்யாணம். அலமாரியும் சீரோடு போவதுதானே வழக்கம்? அன்று நான் கிளம்பும்போது பிலோமினாவிடம் கேட்டேன்.

"அது இங்கிட்டே இருக்கட்டுங்க. இனிமே வர்றவுககிட்ட எங்க அப்பா, அவுக வாயாலயே சொல்லட்டும் — 'நான் செஞ்சது'ன்னு."