விட்டு விட்டுப் பெய்யும் மழை

எங்கள் வயலில் ஒரு மா நிலத்து நெல்லை மட்டும் நாங்கள் விற்பதில்லை. மற்றதெல்லாம் கொள்முதலுக்குப் போய்விடும். வாய்க்காலை ஒட்டின அந்தத் துண்டில் மருந்தடிக்காமல், வீட்டுச் சோற்றுக்கென்றே போடுவோம். முதல் அரிசி பெருமாளுக்கு, மீதி எங்களுக்கு. போன வருஷம் அது மழையில் மாட்டி, படுதாவுக்கு அடியிலேயே முளைவிட்டுப் போனது. வருஷம் பூரா கடை அரிசிதான். புரட்டாசிச் சனிக்கிழமைத் தளிகைக்கும் அதே அரிசியைத்தான் உலையில் போட்டேன். வயலை வைத்துக்கொண்டு பாக்கெட்டைப் பிரித்துச் சாமிக்குப் படைக்கிறோமே என்று ஒவ்வொரு தடவையும் மனசு குறுகும். இந்த வருஷம் அப்படி ஆக விடக்கூடாது என்று நாற்று நட்ட அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அறுப்பு மெஷின் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எங்கள் துண்டுக்கு வந்தது. நெல்லை டிராக்டரில் கொண்டுவந்து வாசல் சிமெண்டுத் தெருவில் கொட்டிவிட்டுப் போனார்கள். வண்டி முக்குத் திரும்பவில்லை, தூறல் விழுந்துவிட்டது. நானும் வீட்டுக்காரரும் அள்ளிக் குவித்துப் படுதாவைப் போட்டு மூடினோம். திருச்சியில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு நீடாமங்கலத்தில் ரயில் இறங்கி, நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். "ரெண்டு நாளும் தூங்கணும், டிவி பாக்கணும், உன் கையால சாப்பிடணும். வேற எதுவும் கேக்காதம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் குளித்து, விளக்கேற்றி, நாமம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். படுதாவைத் தூக்கி நெல்லுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்றிருந்தது. போன வருஷமும் இந்தச் சூடுதான் முதலில் வந்தது. அதற்கு மறுநாள் வெள்ளை வெள்ளையாக முளை.

உள்ளே வந்தால் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டெல்டா மாவட்டங்களில் இரண்டு நாளைக்கு விட்டு விட்டு மழை பெய்யக்கூடும் என்று செய்தி வாசிக்கிற பெண் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"கேட்டியா? ரெண்டு நாளு. அவ்வளவுதான், போச்சு" என்றார் அவர்.

"என்ன போச்சு? விட்டு விட்டுன்னுதானே சொல்லுது?"

"அதான் நானும் சொல்றேன். மழைங்குது."

"நடுவுல விடும்ங்குதுங்க. அது விடுற நேரம் நம்ம நேரம். விடாத நேரத்துக்கு வீடு இருக்கு."

"வீடு இருந்து?"

"நெல்லை உள்ள கொண்டாந்து பரப்புவோம். கூடத்துல பாதி, அறையில பாதி. ஃபேனைப் போட்டு விடுவோம்."

அவர் என்னையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாயில் படுத்திருந்த மகள் போர்வையை விலக்கினாள். "ஹால்லயா? அப்ப நான் டிவி எங்கேருந்து பாக்கறது?"

"கட்டில்ல ஏறி உக்காந்து பாரு. மகாராணி மாதிரி இருக்கும்."

வாயால் முணங்கினாலும் அவள்தான் முதலில் எழுந்து அன்னக்கூடையை எடுத்தாள். சோபாவைக் கொல்லைத் தாழ்வாரத்துக்குத் தள்ளினோம். பழைய வேட்டி, புடவை, சாக்கு எல்லாவற்றையும் தரையில் விரித்தோம். தூறலில் குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே, எதிர் வீட்டு அக்கா வந்து நின்று பிடித்தார்கள். குடை பிடித்த வாய் சும்மா இருக்குமா?

"என்னடி, வீட்டைக் களமாக்கிட்டே? நாளைக்கு டிவி மேல கொக்கு வந்து நிக்கப் போவுது பாரு. பேசாம நெல்லை அவிச்சுடேன்."

"அவிச்சாலும் காயணும்லக்கா?"

"அதுவும் சரிதான்" என்று குடையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்கள்.

கடைசிக் கூடையைக் கொட்டி முடித்தபோது அடுப்படிக்குப் போகச் சுவரோரமாக ஒற்றையடித் தடம்தான் மிச்சம். வீடு முழுக்கப் புது நெல் வாசம். மகளுக்குக் கை காலெல்லாம் சொணை. "நாடு முழுக்க வீக்எண்டுக்கு ஊர் சுத்துது, நான் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

எனக்கு வேறொரு கவலை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வது என் வழக்கம். குதிகாலும் கட்டைவிரலும் இடிக்க, அடி மேல் அடி வைத்துப் பிராகாரத்தைச் சுற்றுவது. அன்றைக்குக் கோயிலுக்குப் போனால் இவர்கள் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள், நெல்லைக் கிளற ஆள் இல்லை. ஈர நெல்லை ஒரு பக்கமாகவே போட்டு வைக்கவும் கூடாது, காலால் கீறி அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்துகொண்டே இருக்கவேண்டும். சாமி அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். பெருமாள் இருக்கும் அதே கூடத்தில்தான் நெல்லும் கிடக்கிறது. கீழே கிடப்பது மகாலட்சுமி. இதற்கு மேல் என்ன பிராகாரம் வேண்டும்?

புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காலை வைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோவிந்தா. கால் நகர நகர நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கிச் சால் விழுந்தது. சுவரோரம் போய்த் திரும்பி, அடுத்த சாலில் வந்தேன்.

"என்ன, நடந்து நடந்து வைகுண்டத்துக்கே போறியா?" என்றார் வீட்டுக்காரர். கோயில் விஷயத்தில் அவர் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்.

"வைகுண்டத்துக்கு இல்லீங்க, அறைக்குப் போறேன். அங்கயும் கிளறணும்ல?"

நடுநடுவே தளிகை வேலையும் நடந்தது. புளியோதரை, தயிர்சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல். கடை அரிசிதான். "இதுதான் கடைசி, அடுத்த வாரம் உன் நெல்லை உனக்குக் கொடுக்கிறேன்" என்று சொல்லிப் படைத்தேன். சொல்லிவிட்ட பிறகு எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சாமியிடம் சொன்ன வார்த்தை அல்லவா? சாப்பிட இடமில்லாததால் அடுப்படி வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மகள் மூன்றாம் தடவை புளியோதரை வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தேன். மாவு மாவாக நசுங்கியது, காய்ந்த நெல் என்றால் கடக்கென்று உடையும். ஆனால் சூடு இல்லை, முளை இல்லை. வெளியே சாரல் விட்டபாடில்லை. மகள் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு பாட்டுப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்த பிள்ளை பாட வாயைத் திறக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. டிவியோடு சேர்ந்து ஃபேனும் நின்றது.

வீட்டுக்காரர் தலையில் கையை வைத்தார். "நான்தான் அப்பவே சொன்னேன்."

"நீங்க சொன்னது இருக்கட்டும். ஜன்னலைத் திறங்க, கொல்லைக் கதவையும் திறங்க. காத்துக்கு யாரும் கரண்ட் குடுக்கல."

மூன்று பேரும் நெல்லில் இறங்கினோம். அறையில் மகள், கூடத்தில் நானும் அவரும். டிவி சத்தமில்லாத வீட்டில் கால் அளையும் சத்தம் மட்டும் சரசரவென்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெருப்பக்கம் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. அவர்தான் முதலில் பார்த்தார்.

"ஏம்மா! விட்டுடுச்சு! வெயிலு!"

அப்புறம் நடந்த ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தெருவைத் துடைப்பத்தால் தள்ளி, சாக்கால் துடைத்து, படுதாவை விரித்து, நெல்லை வேட்டியோடும் புடவையோடும் நுனி பிடித்து இழுத்துப் போனோம். எதிர் வீட்டு அக்காவும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். "கொக்கு வரலையேன்னு பாத்தேன், கடைசியில நானே வந்துட்டேன்" என்றார்கள். புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. மகள் படுதா ஓரத்தில் நின்று கோழியை விரட்டினாள். மத்தியானச் சாப்பாடு வெறும் ரசமும் அப்பளமும். அதையும் ஆள் மாற்றி ஆள் போய்ச் சாப்பிட்டோம். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்ததும் வந்த வழியே இழுத்து உள்ளே போட்டோம். அக்காவின் புடவை நுனி நிலைப்படியைத் தாண்ட, பின்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை வீட்டுக்காரர் "போச்சு" என்று சொல்லவில்லை. "பெய்யட்டும், அது வேலையை அது பாக்குது" என்றார்.

கரண்டும் வந்தது. மகளுக்குச் சாயங்கால ரயில். பையைக் கட்டி வைத்துவிட்டுக் குனிந்து ஒரு நெல்லை எடுத்து வாயில் போட்டாள். நானும் அவரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

கடக்கென்று சத்தம் எங்களுக்கே கேட்டது.

"உடைஞ்சிருச்சும்மா. ரெண்டா."

நானும் ஒன்றைக் கடித்தேன். முழுக் காய்ச்சல் இல்லைதான், இன்னும் ஒரு நல்ல வெயில் வேண்டும். ஆனால் இனி இது முளைக்காது. அலமாரிப் பக்கம் திரும்பிக் கையைக் குவித்தேன். "எனக்குப் புது அரிசி எப்ப குடுத்து விடுவ?" என்று மகள் கேட்டாள். "பெருமாளுக்கு அடுத்தது நீதான்" என்றேன்.

அவளை ஸ்டேஷனுக்கு பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். உள்ளே டிவியில் நாளைக்கும் விட்டு விட்டு மழை என்று அதே பெண் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிகாலும் கட்டைவிரலும் இடிக்க, நெல்லுக்குள் நடந்துகொண்டிருந்தார். உதடு அசைந்தது. செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டு அறைப்பக்கம் கிளறப் போனேன்.

அடுத்த சனிக்கிழமைத் தளிகை அந்த அரிசியில்தான் நடந்தது. டிவி ஸ்டாண்டுக்கு அடியில் பெருக்கும்போது இன்னமும் ஒன்றிரண்டு நெல் வருகிறது. எடுத்துக் கண்ணில் ஒற்றி, நெல் டிரம்மில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.