சவர்க்கார விளம்பரத்துப் பெண்

மகள் மடிக்கணினியில் ஒரு பழைய விளம்பரப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, இந்த போஸ்டரோட டிசைனப் பத்தி ரெண்டு பக்கம் எழுதணும். கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க லா" என்றாள். சிரம்பானில் ஓர் அச்சகத்தில் இருபது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன் அல்லவா, என்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. நானும் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெரிய நிபுணர் மாதிரி குனிந்தேன்.

'ஆர்ட் நூவோ' பாணியாம். ஒரு வெள்ளைக்காரப் பெண் கழுத்தை ஒருபக்கம் சாய்த்து நிற்கிறாள். அவிழ்ந்த கூந்தல் கொடியாகச் சுருண்டு போய்ப் படத்தின் ஓரச் சட்டமாகவே ஆகிவிடுகிறது. தலைக்குப் பின்னால் பூ வட்டம், நம் சாமிக்குத் திருவாசி வைத்ததுபோல.

இதே படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. அப்போது கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய பலகை வீட்டு வரிசையில், குடியிருந்தோம். லுக்குட்டில் ஒரு சீனர் கடையைக் காலி செய்தபோது அப்பா கேட்டு வாங்கி வந்தார். கலை ரசனை எல்லாம் இல்லை. பலகைச் சுவரில் ஓட்டை, மழைச் சாரல் உள்ளே வந்தது. மைதா மாவுப் பசையைக் காய்ச்சி அழுத்தி ஒட்டிவிட்டார். அந்தப் பசையின் புளித்த வாடை எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது.

என் அக்கா லெட்சுமி அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுதான் தலை சீவுவாள். "ஒங்க லெட்சுமி மாதிரியே இருக்கு" என்பார் பக்கத்து வீட்டு அத்தை. எங்கே? அக்கா கறுப்பு, வட்ட முகம். கழுத்தைச் சாய்ப்பது மட்டும் அதே மாதிரி.

பதினோரு வயதில் காய்ச்சல் கண்டு, தோட்டத்து லோரியில் ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு ஒரு போட்டோகூட இல்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வயது வரவில்லை; பள்ளியில் குழுப்படம் எடுத்த அன்று அவளுக்கு அம்மைக்கட்டு. அதன்பிறகு அம்மா தினமும் காலையில் ஈரத்துணியால் அந்தப் படத்தின் முகத்தைத் துடைப்பார். ஒருநாள் நான் சிரித்துவிட்டேன். அம்மா திட்டவில்லை. துணியை அலசப் போய்விட்டார்.

நான் அச்சகத்தில் சேர்ந்த புதிதில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்தை இடிக்கும் நாளன்று சாமான்கள் எல்லாம் லோரியில் ஏறிவிட்டன. அம்மா மட்டும் சுடுதண்ணீரும் கத்தியுமாகச் சுவரோடு நின்றார்.

"நீ பேப்பர் வேலதானே செய்ற? கிழியாம எடுத்துக் குடுடி."

இடிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிற மலாய்ப் பையன் வாசலில் வந்து, "மக்சிக், செப்பாட் லா" என்று அம்மாவை அவசரப்படுத்தினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் காகிதத்தை நனைத்து ஓரத்திலிருந்து உரித்தேன். கூந்தல் வந்தது, பூ வட்டம் வந்தது. முகம் பலகையோடு நின்றுகொண்டது. இன்னும் கொஞ்சம் நனைத்தேன். என் விரலுக்கடியிலேயே அது கூழாகிப் போனது. பலகையையே பெயர்த்துவிடலாம் என்று அப்பா கடப்பாரையால் நெம்பினார். கறையான் அரித்த பலகை, பொலபொலவென்று உதிர்ந்தது.

"போதும் விடுங்க. போலாம்" என்று அம்மா லோரியில் ஏறிக்கொண்டார்.

"அம்மா, சொல்லுங்க லா" என்றாள் மகள். சொன்னேன். தடித்த கறுப்புக் கோடு, நிழலே இல்லாத நிறங்கள், கண்ணை இழுத்துக்கொண்டு சுற்றுகிற கூந்தல். விற்கவந்த சவர்க்காரம், அந்தச் சோப்புக் கட்டி, கீழே மூலையில் சின்னதாக இருக்கிறது, கண் கடைசியாகத்தான் அங்கே போகும். அது சவர்க்கார விளம்பரம் என்பதையே எங்கள் வீட்டில் யாரும் கவனித்ததில்லை. மகள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள்.

லயம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். போன வருஷம் போய்ப் பார்த்தேன், எங்கள் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்றே பிடிபடவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அக்காவைப் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் நான் ஒருத்திதான். எனக்கும் அவள் முகம் இப்போது நினைவில் வருவதில்லை.