அடுத்த ஏட்டுக்காக நின்றவள்

என் சித்திக்கு வேலை பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பது. ஆசை, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்தைப் படிப்பது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் சித்தப்பா.

சாயங்கால வகுப்பில் அந்தப் பழைய எழுத்தைக் கற்றுக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கும் பதிந்துவிட்டாள். நகரத்தின் பெரிய வழிபாட்டுக் கூடத்தில் இருக்கும் புனிதச் சுவடி ஒன்றைப் பற்றித்தான் ஆராய்ச்சி. வருஷக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எழுதுவதற்குச் சுவடியைப் பார்த்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அதைப் பதிப்பிக்கும் உரிமை ஒரு பேராசிரியரிடம் இருந்தது. அவர் புத்தகம் வெளிவரும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. அவர் வேலையை ஆரம்பித்தபோது நான் பிறக்கவில்லை. இப்போது எனக்கு மீசை முளைக்கிறது, புத்தகம்தான் முளைக்கவில்லை.

சித்தி கூடத்துச் செயலாளரை நேரில் போய்ப் பார்த்தாள்.

"பேராசிரியர் வேலை செஞ்சுட்டு இருக்காரும்மா."

"இன்னுமா சார்?"

"ரொம்ப ஆழமான வேலை."

"என்ன, சுரங்கமா வெட்டுறாரு?"

செயலாளர் சிரிக்கவில்லை. "இங்க பாருங்கம்மா, படிக்க அனுமதி கிடையாது. கும்பிடணும்னா வரிசையில வாங்க. அதுக்கு யாரையும் தடுக்க மாட்டோம்."

அந்தக் கடைசி இரண்டு வரியை அவர் விழுங்கியிருந்தால் அந்த வருஷம் முழுக்க நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

சுவடி கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்தபடி இருக்கும். வாரம் ஒரு முறை, விடுமுறை நாள் காலையில், மக்கள் முன்னால் ஓர் ஏட்டைத் திருப்புவார்கள். மக்கள் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்வார்கள். படிக்கக் கேட்டவர்களிடமிருந்து பூட்டி வைத்ததைக் கும்பிட வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கும்பிட வருகிற கூட்டத்தில் ஒருத்திக்குப் படிக்கத் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் புத்தியில் உறைக்கவே இல்லை.

பேனா, கைப்பேசி எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் சித்தி மனப்பாடம் செய்தாள். பெட்டி முன்னால் ஒரு மூச்சு நேரம்தான் நிற்க விடுவார்கள். இரண்டு வரியை மண்டையில் ஏற்றிக்கொண்டு, முணுமுணுத்தபடியே போய் வரிசையின் வாலில் மறுபடி ஒட்டிக்கொள்வாள். ஏடு முழுவதும் முடிந்ததும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுவாள். இப்படியே வாராவாரம்.

வரிசையில் இருந்தவர்களுக்கு அவள் பெரிய பக்தை. எப்போதும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வரும் ஓர் அம்மா, "தங்கச்சி, இவ்வளவு மனசுருகிக் கும்பிடுறியே, என் பையனுக்கு வேலை கிடைக்கணும்னு சேர்த்து வேண்டிக்கோ" என்றாள். சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் வரி சிந்திவிடும்.

வேலையிடத்திலும் இதே கூத்து. "அடுத்த பஸ் எப்போ?" என்று கேட்ட பயணிக்கு, "விடியும்வரை காத்திரு, மகனே" என்று பதில் சொல்லியிருக்கிறாள். அந்த ஆள் ரயிலுக்குப் போய்விட்டார்.

பாதிச் சுவடி கைக்கு வந்ததும் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தாள். செய்தி பேராசிரியர் காதுக்குப் போனது. அங்கிருந்து கூடத்துக்குப் போனது. செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"எப்படித் திருடினீங்க?"

"கண்ணால சார்."

அடுத்த வாரம் ஏடு திரும்பவில்லை. 'சுவடியின் நலன் கருதி' என்று ஒரு பலகை வைத்தார்கள். அதற்கு அடுத்த வாரமும் இல்லை.

"விட்டுடேன்மா. பாதி போதாதா?" என்றார் சித்தப்பா.

"பாதி பஸ்ல ஏறி என்ன பண்றது?" என்றாள்.

மறுபடியும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் அதே ஏட்டின் முன்னால் நின்றாள். முணுமுணுக்க ஒன்றுமில்லை, வாய் மூடியிருந்தது. கைப்பை அம்மா அதைக் கவனித்துவிட்டாள். "என்ன தங்கச்சி, இன்னைக்குக் கும்பிடலையா?"

"நான் என்னைக்குமே கும்பிடலைக்கா. படிச்சேன்."

அந்த அம்மா முகம் சுருங்கியது. "அப்போ என் பையன் வேலை?"

"அதையும் நினைச்சுக்கிட்டேன்."

முறைத்துக்கொண்டே அந்த அம்மா கேட்டாள்: "சரி, இதுல என்னதான் எழுதியிருக்கு?"

சித்தி கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகவே சொன்னாள். "ஊரே தாகத்துல கிடக்குது. ஒருத்தி கிணத்தடியில நின்னு கடவுளைக் கேக்குறா, 'இன்னும் எவ்வளவு நாள் தூங்குவே?' அப்போ உள்ளேயிருந்து ஒரு குரல் சொல்லுது..."

"என்னன்னு?"

"ஏடு முடிஞ்சு போச்சு."

வரிசை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கதையைக் கடத்தினார்கள். "கடவுள் என்ன சொன்னாராம்?" "அது அடுத்த ஏட்டுலயாம்." "அப்போ திருப்பச் சொல்லுங்கய்யா!" ஒருவரும் நகரவில்லை. செயலாளர் ஓடிவந்து நலன், நலன் என்றார். யார் நலன் என்று ஒருவர் கேட்டார். கடைசியில் செயலாளர் பேராசிரியருக்கே போன் போட்டார்.

அவர் வந்தார். ஒல்லியான, களைத்த மனிதர். வில்லனை எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றம்.

"நான் இன்னும் முடிக்கலைம்மா," என்றார் சித்தியிடம், மெதுவாக. "தப்பாப் போட்டுட்டா உலகமே சிரிக்கும்."

"தப்பாவே போடுங்க சார். நாங்க திருத்திக்கிறோம். யாரும் பார்க்கலைன்னா தப்புன்னு யார் சொல்லுவா?"

அவர் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு செயலாளரிடம் தலையசைத்தார். பூட்டு திறந்தது, ஏடு திரும்பியது. சித்தி குனிந்து படித்தாள்.

"'நான் தூங்கவில்லை. நீதான் இன்னும் வாளியை இறக்கவில்லை.'"

"வாளி இல்லம்மா, கயிறு," என்றார் பேராசிரியர், தன்னை மறந்து.

"வாளிதான் சார். அந்தச் சுழியைப் பாருங்க."

"வாளியோ கயிறோ, மேல படிங்க!" என்று கத்தினாள் கைப்பை அம்மா.

படித்து முடித்ததும் பேராசிரியர், "இவங்களுக்கு உள்ளே ஒரு மேசை போட்டுக் கொடுங்க" என்றார். உள்ளே உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம். வாரம் ஓர் ஏடு என்றால் வருஷக் கடைசிக்குள் முடிவது சந்தேகம். சித்திக்கு அது தெரியாதா என்ன?

"எனக்கு மட்டும்னா வேண்டாம் சார். கேட்டு வர்ற எல்லாருக்கும்னா சரி."

"அதைக் கூடத்து நிர்வாகக் குழுதான் முடிவு பண்ணணும்," என்றார் செயலாளர்.

"பண்ணட்டும். இனிமே ஏடு திருப்புறது மட்டும் நிக்கக்கூடாது."

சொல்லிவிட்டு, புது ஏட்டை இரண்டிரண்டு வரியாக மனப்பாடம் செய்ய வரிசையின் கடைசிக்கு நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது அவளுக்குப் பின்னால் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார்.