கரண்டு வைக்கச் சொன்ன அக்கா

செல்லூரில் நான் நடத்தும் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்த விசைத்தறித் தொழிலாளி அவர். மெலிந்து, உயரமாக இருப்பார். நெடுநாள் தோள்வலி. வந்ததும், வலியைக் குறைக்கும் மின்கருவியை வைக்கச் சொல்லிக் கண்ணை மூடித் தோளைக் காட்டுவார்.

"கரண்டு வைங்க தம்பி."

"அது இன்னைக்கு மட்டுந்தான்க்கா கேக்கும். கை தூக்க வந்தா என்ன செய்ய ஆசை?"

யோசித்தார். "நானே கொண்டை போடணும். இப்ப மகதான் போட்டுவிடுறா."

அதையே பயிற்சியாக்கினோம். தினமும் வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை உயர்த்த வேண்டும். வலி கூடுகிற நாளில் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது என்றேன். சில வாரங்களில் வருவதையே நிறுத்திவிட்டார். கேட்டபடி கரண்டு வைக்காத கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு வாடிப்பட்டி பஸ்ஸில் பார்த்தேன். அந்தக் கையாலேயே மேல்கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்.

"வலி போயிருச்சாக்கா?"

"எங்க போச்சு? இருக்கு. கூடுனா என்ன செய்யணும்னு எனக்கே தெரியுதுல்ல தம்பி, அதான் வரல."

ஒருவர் என்னிடம் வராமல் போனதற்காக அதற்கு முன் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.