கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புத் துண்டு

பட்டாசு என்பது அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயரில்லை. கோட்டை விடுதியின் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துவைத்து விரித்த வெள்ளை விரிப்பின் மேல் செருப்புக் காலோடு நடந்து வந்த மேனேஜரைப் பார்த்து அவள் ஒரு சத்தம் போட்டாள். கீழே கடற்கரையில் நின்றவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்களாம். அன்றைக்கு விழுந்த பெயர். அதற்குப் பிறகு மேனேஜர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

கோபம் எப்போதும் அவள் மூக்கு நுனியில்தான் இருக்கும். வெடித்து முடித்தவுடன் அவளே தேடிப் போய், "சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் வாடிக் கிடக்கு?" என்று கேட்பாள். வாடினதே இவள் போட்ட போட்டில்தான் என்று யார் சொல்வது? அவளிடம் திட்டு வாங்காதவர்கள்தான், "நம்மள வேத்தாளா நெனைக்கிறாளோ" என்று வருத்தப்பட்டுக்கொண்டு திரிவார்கள்.

கோட்டையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. கடலுக்கு நேர் மேலே, செங்குத்தான பாறையின் விளிம்பில் அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் ராஜா குடியிருந்தார், இப்போது வசதியுள்ளவர்கள் வந்து தங்குகிறார்கள். ராஜா ஒருவருக்கு ஒரு கட்டில் போதுமாக இருந்தது. இவர்களுக்கு அறைக்கு இரண்டு கட்டில், கட்டிலுக்கு நாலு தலையணை. அத்தனை உறையும் பட்டாசின் தலையில். கடல் பக்கமாக, பெரிய வட்டக் கோபுரத்தை ஒட்டி ஒரு மொட்டை மாடி. அங்கேதான் அவளுடைய கொடிக்கயிறுகள்.

கோட்டைக்குப் பின்னால் இன்னும் உயரமாக ஒரு மலை. அதன் முகட்டில் தட்டையாக ஒரு பாறை. அங்கே நின்றால் கீழே கோட்டை, அதற்கும் கீழே கடல், எல்லாம் ஒரே பார்வையில் தெரியுமாம். "தெரியுமாம்" என்றுதான் பட்டாசு சொல்லுவாள். அவள் போனதில்லை. நாற்காலி மேல் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும். ஆனால் வருகிறவர்களை அந்த முகட்டுக்குத் தினமும் நடத்திக் கூட்டிக்கொண்டு போவது அவளுடைய வீட்டுக்காரர்தான். விடுதியின் வழிகாட்டி. சாதுவான மனுஷன். பட்டாசுக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளி மாதிரி.

கல்யாணமான புதிதில், பட்டாசு மாசமாக இருந்தபோது, அவருக்கு மலையில் கால் நிற்கவில்லை. கூட்டத்தை நடத்திக்கொண்டு போவார், மனசு முழுக்கச் சலவை அறையில். ஒருநாள் பாதி வழியிலேயே திரும்பி வந்து நின்றார். பட்டாசு பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. இப்படிப் பாதியில ஓடி வந்தா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. இங்க பாருங்க, நீங்க உச்சிக்குப் போற நேரத்துக்கு நான் கொடியில இந்தச் சிவப்புத் துண்டப் போட்டு வைக்கிறேன். துண்டு தெரிஞ்சா நான் நல்லாருக்கேன்னு அர்த்தம். தெரியலைன்னா ஓடி வாங்க."

மறுநாள் துண்டைப் போட்டாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"துண்டப் பாத்தீங்களா?"

"பாக்காம? பளிச்சுனு தெரிஞ்சுது."

அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து துண்டு போடாத நாளில்லை. ஒரே ஒரு நாள் தவிர. துணி பிழிந்துகொண்டிருக்கும்போதே வலி கண்டு, துண்டாவது மண்ணாவது என்று சுருண்டு படுத்துவிட்ட நாள் அது. வேர்க்க விறுவிறுக்க, மூச்சிரைக்க, வந்தவர்களை முகட்டிலேயே விட்டுவிட்டு அவர் ஓடி வந்து சேர்ந்தார். மகள் பிறக்கும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். "துண்டு இல்லைன்னு பாத்தவுடனே பறந்து வந்துட்டாரு மனுஷன்" என்று பட்டாசு இதைச் சொல்லாத ஆளில்லை. கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளித்துவிட்டது. அந்த மகளே கல்யாணமாகி அடுத்த ஊரில் இருக்கிறாள். துண்டு நைந்து போய் எத்தனை துண்டு மாறியது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நிறம் மாறவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். கொடிக்கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். பட்டாசு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, "ஒரே ஒரு கயிற விடுங்கப்பா, ஒரே ஒரு துண்டு" என்று கெஞ்சினாள், பிறகு வெடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஐயோ, மனுஷன் பதறிப் போய் ஓடி வருவாரே, இந்த வயசில் கால் இடறி விழுந்து வைத்தால்? வாசல் காவலாளியிடம் சொல்லி வைத்தாள்: "அவரு ஓடி வந்தா, நான் நல்லாருக்கேன்னு முதல்ல சொல்லிருங்க. அப்புறம் தண்ணி குடுங்க."

அவர் ஓடி வரவில்லை. பாதியில் நடந்தும் வரவில்லை. எப்போதும் போல சாயங்காலம் வந்தார், கை கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார்.

"துண்டப் பாத்தீங்களா?" என்று பட்டாசு மெல்லக் கேட்டாள்.

"பாக்காம? பளிச்சுனு தெரிஞ்சுது" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. கண் போய்விட்டது. மனுஷனுக்குத் தூரத்துப் பார்வை போய்விட்டது, நம்மிடம் மறைக்கிறார். அன்றைக்குத் துண்டு இல்லையென்று பார்த்துப் பறந்து வந்தவர், இன்றைக்கு இல்லாத துண்டைப் பார்த்தேன் என்கிறாரே! ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அதல பாதாளம், நடுவில் ஒற்றையடிப் பாதை. அதில் ஊர்பேர் தெரியாதவர்களை நம்பிக்கையாகக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குக் கண் தெரியவில்லை.

வெள்ளையடித்து முடிந்து கொடிக்கயிறுகளைத் திரும்பக் கட்டிய பிறகும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னாள். அவர் தடவினார். அந்த வயசில் யார்தான் தடவமாட்டார்கள், ஆனால் பயந்த மனசுக்கு அது தெரியுமா? பாய் விளிம்பில் தடுக்கினால், போச்சு. டம்ளரைத் தவற விட்டால், போச்சு. "அங்க வர்றது யாருன்னு சொல்லுங்க" என்று தெருமுனையைக் காட்டினாள். "தபால்காரர்" என்று சரியாகச் சொன்னார். தினமும் இந்நேரத்துக்கு வருகிற ஆள்தானே, குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார் என்று அதையும் தள்ளிவிட்டாள்.

மேனேஜரிடம் சொன்னால் அன்றைக்கே வேலை போய்விடும். அந்த மலைதான் அவருக்கு உசுரு. லீவு நாளிலேயே வீட்டுக்குள் கூண்டில் அடைத்த மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவர். சொல்லாவிட்டால்? ஒருநாள் ஒரு அடி தப்பி வைத்தால் உசுரே போய்விடும். சொல்வதா வேண்டாமா என்று அவள் தவித்த தவிப்பு அந்தக் கடலுக்குத்தான் தெரியும்.

கடைசியில் நாத்தனாரிடம் போய் அழுதாள். நாத்தனார், வழிகாட்டிக்குக் கூடப் பிறந்த தங்கச்சி, அதே விடுதியின் அடுக்களையில் சமையல்காரி. கரண்டியும் கையுமாக முழுக்கக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் ஒரு மாதிரி போயிற்று. சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அண்ணி, மேனேஜர்கிட்ட இப்பச் சொல்லாதீங்க. ஒரே ஒரு நாள் நீங்க மேல போய்ப் பாத்துட்டு வாங்க. துண்ட நான் போடறேன்."

"எனக்குத் தலை சுத்தும்டி."

"சுத்தட்டும். கீழ பாக்காம ஏறுங்க."

போனாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. அவர் கூட்டத்தோடு கிளம்பின பிறகு, பின்னாலேயே கொஞ்சம் இடைவெளி விட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முதலில் படிக்கட்டு, பிறகு படி என்ற பெயரில் கல், பிறகு கல்லும் இல்லாமல் முள்ளும் சறுக்கலுமாகப் பாதை. இடது பக்கம் திரும்பிப் பார்க்கவே கூடாது என்று மலையின் மேல் கையை வைத்தபடி நகர்ந்தாள். உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. "இந்த எழவுக்குக் காசு குடுத்து வேற வர்றாங்களே, கொழுப்பு" என்று முனகிக்கொண்டே போனாள். ஆனால் கண் மட்டும் முன்னால் போகிற அந்தக் காலை விட்டு விலகவில்லை.

அந்தக் கால் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஆடுகிற கல் வந்தபோது, அவர் நின்று, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டிக் காட்டித் தாண்ட வைத்தார். தூரக் கடலில் ஒரு புள்ளியைக் காட்டி, "அதோ படகு. ரெண்டு பேரு. ஒருத்தர் வலை இழுக்கறாரு பாருங்க" என்றார். பட்டாசும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். அவளுக்குப் படகே தெரியவில்லை. அட, இவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லையே! போன உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. கூடவே குழப்பமும் வந்தது. அப்புறம் ஏன் அந்தப் பொய்?

முகட்டுக்கு வந்து, ஒரு பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, ஒருவழியாகத் தைரியத்தை வரவழைத்துக் கீழே பார்த்தாள். தான் ஆயுசு பூராவும் வேலை பார்த்த கோட்டை உள்ளங்கை அளவுக்கு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் நீலக் கடல். அழகாகத்தான் இருந்தது, அவளே ஒத்துக்கொண்டாள். வாசல் தெரிந்தது, தோட்டம் தெரிந்தது, அடுக்களை ஜன்னல் திறந்திருப்பது தெரிந்தது. மொட்டை மாடியைத் தேடினாள். வட்டக் கோபுரம் தெரிந்தது. கோபுரத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். எக்கிப் பார்த்தாள்.

கொடியும் தெரியவில்லை, துண்டும் தெரியவில்லை. மொட்டை மாடி முழுக்க அந்தத் தடித்த கோபுரத்துக்குப் பின்னால் இருந்தது. இன்றைக்கு மட்டும் இல்லை. கோபுரம் என்ன நேற்றா கட்டினார்கள்? என்றைக்குமே தெரிந்திருக்காது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவர் குரல் கேட்டது.

"எல்லாரும் போட்டோ எடுத்தாச்சா? சரி, இப்ப ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு. அந்த வட்டக் கோபுரம் இருக்கே, அதுக்குப் பின்னாடி என் வீட்டுக்காரி துணி காயப் போட்டுக்கிட்டு இருப்பா. நேத்து ராத்திரி நீங்க சுகமாத் தூங்கினீங்களே, அந்த விரிப்பு அவ துவைச்சதுதான். எனக்காகத் தினமும் ஒரு சிவப்புத் துண்டு போடுவா. இங்கிருந்து அவ நமக்குத் தெரிய மாட்டா, நாமளும் அவளுக்குத் தெரிய மாட்டோம். ஆனாலும் இங்க வர்றவங்க எல்லாரும் அவளுக்குக் கை காட்டிட்டுத்தான் இறங்குவாங்க. எங்க, காட்டுங்க பாப்போம்!"

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள். ஒரு கைக்குழந்தையின் கையை அதன் அம்மா பிடித்து ஆட்டினாள். தொப்பி வைத்த பெரியவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். எல்லாரும் கையை இறக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகும் அவர் மட்டும் கோபுரத்தைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியாகத்தான் இறக்கினார்.

பாறைக்குப் பின்னால் பட்டாசு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எத்தனை மழை, எத்தனை வெயில், எத்தனை ஆயிரம் கைகள்! யாரோ எவரோ, அவள் முகம்கூடத் தெரியாதவர்கள். இது எதுவும் தெரியாமல் அங்கே ஈரத் தலையணை உறையை உதறிக்கொண்டு மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாளே.

பிறகு, அவள் அவளாயிற்றே, எழுந்து போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். வழிகாட்டிக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"பளிச்சுனு தெரிஞ்சுதோ?"

"நீ… நீ எப்படி இங்க…"

"கேட்டதுக்குப் பதில்! எத்தனை வருஷமா எனக்குக் காது குத்தினீங்க?"

கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொப்பிக்காரப் பெரியவர் நாசூக்காகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முதல் நாளே தேடினேம்மா" என்றார் அவர், அசடு வழிந்துகொண்டு. "தெரியல. சொல்லணும்னுதான் வந்தேன். நீ வாசல்ல வந்து நின்னு அவ்வளவு ஆசையாக் கேட்டியா, வாய் வரல. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"அப்ப, பொண்ணு பொறந்த அன்னைக்கு? துண்டு இல்லைன்னு ஓடி வந்தீங்களே?"

"அடுக்களை ஜன்னலு" என்று கையை நீட்டினார். "அது இங்கிருந்து தெரியும். உனக்கு ஏதாவதுன்னா ஜன்னலச் சாத்திருன்னு தங்கச்சிகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். அன்னைக்குச் சாத்தியிருந்துது. இன்னைக்கு வரைக்கும் இங்க வந்ததும் நான் முதல்ல பாக்கறது அந்த ஜன்னலத்தான்."

"அண்ணனும் தங்கச்சியும் கூட்டுக் களவாணிங்க" என்று பட்டாசு வெடித்தாள். வெடித்தது பாதிதான். மீதி நமுத்துப் போயிற்று. "உங்களுக்குக் கண்ணு போயிருச்சுன்னு நான் செத்துப் பொழைச்சிருக்கேன், தெரியுமா?"

அவர் இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார், கீழே வாசல் வரைக்கும் விடவில்லை. அவளும் உதறவில்லை.

மறுநாள் துண்டை என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? கொடியில்தான் போட்டாள், அதே இடத்தில், அதே நேரத்தில். போட்டுவிட்டு, சுற்றுமுற்றும் யாரும் இல்லையென்று பார்த்து, கோபுரத்தின் கல் சுவரை நோக்கிக் கையையும் ஆட்டினாள்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், "இன்னைக்குப் பெரிய கூட்டம். எல்லாரும் கை காட்டினோமே, பாத்தியா?"

அவள் அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாக்காம? பளிச்சுனு தெரிஞ்சுது. நீங்கதான் கடைசியா கைய இறக்கினீங்க."