எண்ணெய்த் துணிக்குள் பிளாஸ்டர்

என் மனைவி முறிவு நெரிவு வைத்தியர், எலும்பு முறிந்தவர்களுக்கு எண்ணெய்த் துணி கட்டுகிறவள். லிங்கநகரில் எங்கள் வீட்டு முன்விறாந்தைதான் அவளுடைய ஆஸ்பத்திரி. நான் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்துகிறவன். கம்பனி தருகிற மருத்துவக் காப்புறுதியில் அவளுக்கும் இடமுண்டு, அவளுடைய வைத்தியத்துக்கு மட்டும் இடமில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் முதுகு பிடித்துக்கொண்டால் அவளிடம்தான் வருவார்கள். அந்தச் செலவை எழுதி அனுப்பினால், சுதேச வைத்தியத்துக்குத் தர ஏலாது என்று பதில் வரும். இதைப் பற்றி நான் எத்தனையோ தரம் வாய் கிழியக் கத்தியிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

மழை பெய்த ஒரு காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டு நொறுங்கியது. இடது கையால் தடவிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

“இஞ்சாருங்கோ, மூட்டுக்குள்ள உடைஞ்சிட்டுது. இதுக்குத் தகடு வைக்கவேணும். என்ர கட்டு காணாது.”

அப்படியான முறிவோடு யார் வந்தாலும் அவள் கட்டுப் போடாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாள். தனியார் ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, தைத்து, பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள். காப்புறுதி ஒரு முறுமுறுப்பும் இல்லாமல் செலவை ஏற்றது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சனியன் தொடங்கியது. முறிவு கட்டுகிறவளே இங்கிலீஸ் வைத்தியத்துக்கு ஓடினவளாம் என்று சந்தியில் கதை. வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் நான் வேலையால் வந்தபோது பிளாஸ்டரைக் காணவில்லை. நோயாளிகளுக்குக் கட்டுவது போலவே எண்ணெயில் நனைத்த துணியை அதன் மேல் சுற்றி வைத்திருந்தாள்.

“உமக்கென்ன விசரே?” என்றேன்.

“பாக்கிற சனத்துக்குத்தானே. கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்.”

எனக்குப் பொல்லாத கோபம். அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எண்ணெய் உள்ளே ஊறி, தையல் சீழ் பிடித்து, காய்ச்சலும் வந்தது. தகடு வைத்த டொக்டர் கட்டை அவிழ்த்து எண்ணெய் வாடையை மணந்து பார்த்துவிட்டு, நாட்டு வைத்தியம் செய்திருக்கிறது என்று எழுதிவிட்டார். மறுபடி வெட்டித் துப்புரவாக்க வேண்டுமாம், சுணங்கினால் விரல்கள் மடங்காதாம். காப்புறுதிக்காரர் கையை விரித்தார்கள். சுதேச வைத்தியத்தால் வந்த வருத்தத்துக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். அரச ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், தைத்தவரே திறக்கவேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

நான் தொலைபேசியில் சண்டை பிடித்துப் பிடித்து, கடைசியில் ஓர் அதிகாரி, அந்தத் துணி எதற்கென்று நோயாளியே வாயால் சொன்னால் பார்ப்போம் என்றார். அவர் அழைத்த நேரம் பார்த்து, குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த ஒரு தாய், முழங்கை வீங்கிய மகளோடு விறாந்தைக் கதிரையில் இருந்தார். வீட்டுக்குள் சிக்னல் பிடிக்காது. காப்புறுதி என் பேரில் என்பதால் நானும் கேட்கவேண்டுமென்று அதிகாரி சொல்ல, ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மா, நீங்கள் கட்டினது வைத்தியமா, இல்லையா?”

மனைவி அந்தத் தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லும், சொல்லும் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். எனக்கு அவளுடைய கை வேண்டும், மானம் மரியாதை பிறகு.

“வைத்தியம் இல்லை,” என்றாள். “ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் சனத்துக்குத் தெரியக்கூடாதெண்டு மேலால சுத்தினனான். வேறொண்டும் செய்யேல்லை.”

“அப்ப பிரச்சினை இல்லையம்மா. நாளைக்கே போய் நில்லுங்கோ, நாங்கள் அனுமதி அனுப்பிறம்.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தத் தாய் மகளின் வீங்கிய கையைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அப்ப வைத்தியரம்மா, புள்ளையையும் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகட்டா?”

பிள்ளை முழங்கையை நீட்டிக்கொண்டு இருந்தது. மனைவியின் நல்ல கை மடியிலேயே கிடந்தது.

“ஓம், கொண்டு போங்கோ,” என்றாள்.

ஒருவரையும் தொட்டுப் பார்க்காமல் அவள் அனுப்பியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.